காக்கி உறையும் இருபத்து மூன்றாம் நிமிடமும்

அந்த இருக்கை காலியாக இல்லை, அம்மா. அதில் பெட்டி அமர்ந்திருக்கிறது. அதற்கும் ஒரு பயணச்சீட்டு வாங்கியிருக்கிறேன். சுமைக் கட்டணம் போதும் என்றார் நடத்துநர். இருக்கையில் அமர்ந்து வருவது சுமையாகாது, முழுச்சீட்டே கொடுங்கள் என்றேன். என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடுத்தார். நீங்கள் இந்த ஓரத்து இருக்கையில் தாராளமாக அமரலாம். முழங்கை மட்டும் பெட்டியின்மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்கு எதற்குக் காக்கிச் சட்டை என்கிறீர்கள். அது சட்டை அன்று, உறை. ஆயினும் நீங்கள் சட்டை என்றதில் பெரிய பிழை இல்லை. அது ஏன் என்பது அதற்குரிய இடத்தில் வரும். சங்கரன்கோவில் வரைதானே நீங்களும்? அப்படியானால் நேரம் இருக்கிறது. முறையாகவே சொல்லுகிறேன்.

முதலில் சிலவற்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. என் பெயர் மங்கையர்க்கரசி. பாளையங்கோட்டையில் ஒரு மகளிர் கல்லூரியில் முப்பத்தோராண்டு இலக்கணம் கற்பித்து ஓய்வு பெற்றேன். தனியாக வாழ்கிறேன், அது குறித்து எனக்குக் குறை ஒன்றுமில்லை. இந்தப் பெட்டிக்குள் இருப்பது கணிப்பொறி. அந்தக் கணிப்பொறியில் நான் பேருந்து ஓட்டுகிறேன். சிரிக்க வேண்டாம். அது ஒரு விளையாட்டு. திரையில் சாலை தெரியும், கையில் ஒரு சக்கரம் இருக்கும், காலடியில் மிதிகள் இருக்கும். யாரோ ஓர் அன்பர் நம் பக்கத்துச் சாலைகளையே வரைந்து இணையத்தில் வைத்திருக்கிறார். திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் வரை, இதோ இப்போது நாம் போகிறோமே, இதே சாலை, இதே மானூர், இதே தேவர்குளம். மெய்யான வாகனம் எதையும் நான் ஓட்டியதில்லை, மிதிவண்டி உட்பட.

இன்னும் ஒன்று. சங்கரன்கோவிலில் பேச்சியம்மாள் என்று ஒருவர் இருக்கிறார். அவரிடம் ஒரு தாளைக் கொடுக்கவே போகிறேன். இன்ன நாள், பிற்பகல் இரண்டு பத்து வண்டியில் வருகிறேன் என்று அஞ்சலட்டை எழுதிப் போட்டுப் பதினொரு நாள் ஆயிற்று. விடை இல்லை. என்னைக் கண்டால் அவர் கதவைத் திறப்பாரா என்பது எனக்குத் தெரியாது.

இவ்வளவுதான். இனி வரிசையாகச் சொல்லுகிறேன்.

எங்கள் அடுக்ககத்தில் நான் இரண்டாம் தளம், பேச்சியம்மாள் முதல் தளம். அவர் வீடு என் வீட்டுக்கு நேர் கீழே. அவர் வந்து குடியேறிய மூன்றாம் நாள் மாலை என் கதவு தட்டப்பட்டது. திறந்தேன். சுங்கடிப் புடவை கட்டிய ஓர் அம்மையார், கையில் கரண்டியோடு நிற்கிறார்.

"இந்த வீட்டுலதான் ஏர்ஹாரன் அடிக்கியளா?"

விளையாட்டு ஒலி என்று விளக்கினேன். ஒலியைக் குறைத்துக்கொள்வதாகவும் சொன்னேன். அவர் என்னைக் கேளாமலே என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார். பார்த்தவர் பதறிவிட்டார்.

"ஐயையோ, படியில ஆள் ஏறுது, நீங்க பாட்டுக்கு வண்டிய எடுக்கியளே! ரைட் குடுத்தாவளா உங்களுக்கு?"

விளையாட்டில் நடத்துநர் கிடையாது, பயணிகள் தாமாக ஏறிக்கொள்வார்கள் என்றேன்.

"கண்டக்டர் இல்லாத வண்டி என்ன வண்டி? நவுந்துக்கோங்க டீச்சர்."

நான் பேராசிரியர். அதை அவரிடம் நான்கு முறை சொல்லியிருக்கிறேன். கடைசிவரை டீச்சர்தான்.

அவர் அரசுப் பேருந்தில் இருபத்தொன்பது ஆண்டு நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுநாள் நான்கு மணிக்கு விசிலோடு வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். ஓராண்டு இரண்டு மாதம், நாள்தோறும் நான்கு மணிமுதல் ஆறு மணிவரை நாங்கள் இருவரும் இந்தச் சாலையில் போய்வந்தோம். நான் ஓட்டுவேன். அவர் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து நிறுத்தங்களைச் சொல்லுவார், திரையில் ஏறும் பொம்மை மனிதர்களை ஏசுவார். "ஏ, உள்ள போ, உள்ள போ, நடுவுல மைதானமா கெடக்கு!" பிற்பகல் வண்டியில் வெயில் இடப்பக்கம் அடிக்கும், கைக்குழந்தைக்காரியை வலப்பக்கம் உட்கார வைக்க வேண்டும் என்பார். பொம்மைகளுக்கு வெயில் இல்லை என்றால், "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பார். ஒருமுறை, நீங்கள் ஓட்டிப் பாருங்களேன் என்று சக்கரத்தை நீட்டினேன். "அவுக அவுக வேலைய அவுக அவுக பாக்கணும்" என்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். எனக்கு அது பிடித்திருந்தது.

நான் இன்று வலப்பக்கம் கேட்டு வாங்கி அமர்ந்திருப்பது அவர் சொன்னதனால்தான். பாருங்கள், வெயில் அந்தப் பக்கம்.

இனிக் கிராபிக்ஸ் கார்டு.

என் கணிப்பொறி பழையது. ஆய்வுக் குறிப்புகளைத் தொகுப்பதற்காக வாங்கியது. அதில் மரம் எல்லாம் பச்சைப் பஞ்சு போலத் தெரியும். ஊர்ப் பலகைகளைப் படிக்க முடியாது. "எந்த ஊர்னு எழுதிருக்கு டீச்சர்?" என்று பேச்சியம்மாள் கண்ணைச் சுருக்குவார். படிக்க முடியாத பலகையை வைத்துக்கொண்டிருப்பது முறையன்று என்று புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன். கிராபிக்ஸ் கார்டு என்பது திரைக்குப் படம் வரைந்து அனுப்பும் உறுப்பு. வண்ணார்பேட்டையில் கடை வைத்திருக்கும் ஐசக்துரை வந்து பொருத்தினார். நாற்பத்தைந்து வயது, பொறுமையான மனிதர். புதியது பழைய பெட்டிக்குள் அடங்கவில்லை; ஆகவே பெட்டியும் புதிது. அதற்கு மேற்புறமும் பின்புறமும் சல்லடைக் கண்கள். மேசையின் அடியில் இடம் போதாததால் பக்கத்தில் ஒரு முக்காலியின்மேல் வைத்தோம். முதல் இரண்டு நாள் அருமையாக ஓடிற்று. "மானூர்" என்று பலகையில் எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. பேச்சியம்மாள் அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார்.

மூன்றாம் நாள் அவர் இந்த உறையைத் தைத்துக்கொண்டு வந்தார்.

"புது வண்டி வெறுமனே நிக்கப்பிடாது டீச்சர், தூசி அடையும். இந்தாங்க."

நீங்களே பாருங்கள். கெட்டிக் காக்கித் துணி. மேல், பின், இரு பக்கம் எல்லாம் மூடும்படியாக. முன்னால் மட்டும் விசையை அழுத்தப் பொத்தான் வைத்த திறப்பு. பக்கத்தில் ஒரு பை. பெட்டிக்குப் பை எதற்கு என்று கேட்டேன். "இருந்தா ஒண்ணு வைக்க ஆவும்லா" என்றார். பைக்கு மேலே இரண்டு சிறிய துளைகள் வேறு. தையற்பிழை என்று எடுத்துக்கொண்டேன்.

என் வீட்டில் எல்லாக் கருவிகளுக்கும் உறை உண்டு. குளிர்பதனப் பெட்டி, மிக்சி, தொலைக்காட்சி எல்லாவற்றுக்கும் வெள்ளைத் துணி, நீலக் கரை. அவற்றுக்கு நடுவில் காக்கி பொருந்தாது. ஆனால் அன்பளிப்பை அளித்தவர் கண்ணெதிரில் பயன்படுத்துவதுதான் பண்பு. எனவே நாள்தோறும் நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது உறையை எடுத்துப் பெட்டிக்குப் போடுவேன். ஆறு மணிக்கு அவர் போனதும் கழற்றி, நான்காக மடித்து, அலமாரியின் கீழ்த்தட்டில் வைப்பேன். அவர் மனம் நோகக்கூடாது அல்லவா.

அந்த மூன்றாம் நாளே நான்கரை மணிக்குள் திக்கல் தொடங்கியது.

திக்கல் என்றால், படம் வழுக்கிக்கொண்டு போவதற்குப் பதில் நின்று நின்று குதிக்கும். வண்டி இங்கே இருக்கும், கண் இமைப்பதற்குள் அங்கே இருக்கும், நடுவில் உள்ள பத்தடி காணாமல் போகும். ஒலியும் அறுந்து அறுந்து வரும். மானூர் தாண்டியதும் தொடங்கும். தேவர்குளத்துக்கு முன்பே ஓட்ட முடியாமல் போகும்.

"என்ன டீச்சர், கிளட்ச் போயிட்டா?"

இதில் கிளட்ச் கிடையாது என்றேன்.

பிழையைக் கண்டால் அதன் இருப்பிடத்தைக் காணும்வரை நான் உறங்குவதில்லை. கோடு போட்ட குறிப்பேடு ஒன்றில் நான்கு கட்டம் வரைந்தேன். நாள், மாற்றியது, தொடங்கிய மணி, திக்கிய நிமிடம். ஒரு நாளில் ஒன்றை மட்டுமே மாற்றுவது என்பது என் விதி. இரண்டை மாற்றினால் எது காரணம் என்று எப்படித் தெரியும்?

முதல் நாள் மரங்களின் நிழலை நிறுத்தினேன். இருபத்து மூன்றாம் நிமிடம் திக்கியது. இரண்டாம் நாள் வைரஸ் தடுப்பை நிறுத்தினேன்; இருபத்து மூன்று. மூன்றாம் நாள் விளையாட்டை முழுமையாக நீக்கி மீண்டும் ஏற்றினேன்; இருபத்து நான்கு. ஐசக்துரைக்குத் தொலைபேசினேன். ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன்.

"மேடம், பழைய டிரைவரைத் தூக்கிட்டுப் புது டிரைவர் போட்டுப் பாருங்க."

பேச்சியம்மாள் எழுந்து நின்றுவிட்டார். "யார அவன் தூக்கச் சொல்லுதான்? டீச்சர் நல்லாத்தான ஓட்டுதாவ!" அது ஒரு மென்பொருளின் பெயர் என்று அமர வைத்தேன். அதையும் மாற்றினேன். இருபத்து மூன்று.

மின்னழுத்தம் என்று ஸ்டெபிலைசர் வைத்தேன். நினைவகத் தகடுகளைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். பேச்சியம்மாள் தம் பங்குக்குத் திரையின் மேல்விளிம்பில் எலுமிச்சம்பழம் ஒன்றை வைத்தார். அதை நான் பட்டியலில் சேர்க்கவில்லை. ஐசக்துரை நேரில் வந்தார், காலை பத்து மணிக்கு. ஒன்றரை மணிநேரம் ஓடவிட்டுப் பார்த்தார். ஒரு குதிப்பும் இல்லை.

"எனக்கு ஒண்ணும் வரலையே மேடம். ஹீட்டும் நார்மலாத்தான் இருக்கு."

வெப்பம் இயல்பு என்று குறித்துக்கொண்டேன். இரண்டாம் முறையும் வந்தார். காலை. ஒன்றும் இல்லை. "பழகப் பழகச் சரியாயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கருவி எப்படிப் பழகும்? பழுதான கார்டை என் தலையில் கட்டிவிட்டார் என்று அவருக்குக் கடுமையாக ஒரு கடிதம் எழுதினேன்.

எழுதிய பிறகுதான் குறிப்பேட்டை முதலிலிருந்து படித்தேன். காலையில் திக்கவில்லை, மாலையில் திக்குகிறது. ஆகவே மாலை மின்சாரம் காரணமாகலாம். அந்த வாரம் பேச்சியம்மாள் ஒரு திருமணத்துக்குக் கடையநல்லூர் போயிருந்தார். மாலை நான்கு மணிக்கு நான் தனியாக ஓட்டினேன். சங்கரன்கோவில் வரை போய்த் திரும்பினேன். ஒரு குதிப்பும் இல்லை. அப்படியானால் மாலை காரணம் அன்று. அவர் திரும்பி வந்தபின் காலை பத்து மணிக்கு அவரை அழைத்து அமர வைத்து ஓட்டினேன். இருபத்து மூன்றாம் நிமிடம் திக்கியது.

எஞ்சியது ஒன்றுதான்.

நான் அவசரப்படவில்லை, அம்மா. அவர் கைப்பேசி காரணமோ என்று அதைக் கீழே வைத்துவிட்டு வரச் சொன்னேன், திக்கியது. விசில் ஊதாமல் இருக்கச் சொன்னேன்; திக்கியது. நாற்காலியை அப்புறப்படுத்தி அவரை நிற்க வைத்தேன். மூட்டுவலிக்காரர், இருபத்து மூன்று நிமிடம் நின்றார். "டபுள் டூட்டில நின்னு பழக்கந்தான்" என்றார். திக்கியது. அவர் இருந்த பத்தொன்பது நாளும் திக்கியிருக்கிறது. அவர் இல்லாத ஏழு நாளும் திக்கவில்லை. எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் பட்டியலில் ஐயத்துக்கு இடமில்லை.

இதை வாயால் சொல்லுவது நாகரிகமன்று என்பதால் எழுதிக் கொடுத்தேன். "தாங்கள் அருகில் இருக்கும்போது மட்டுமே திக்கல் நிகழ்கிறது என்பது இணைப்பிலுள்ள பட்டியலால் உறுதியாகிறது. காரணம் கண்டறியப்படும்வரை தாங்கள் வருவதைத் தள்ளிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." அவர் வந்த நாள் ஒவ்வொன்றின் எதிரிலும் 'பேச்சியம்மாள் வந்திருந்தபோது' என்று சேர்த்துப் பட்டியலின் படியையும் இணைத்திருந்தேன். மூன்று பக்கம்.

கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு என் எதிரிலேயே படித்தார். மெதுவாகப் படித்தார். மூன்றாம் பக்கத்தைத் திருப்பி முதலுக்கு வந்தார்.

"நான் வந்தா வண்டி ஓடலங்கியளா டீச்சர்?"

பட்டியல் அப்படிக் காட்டுகிறது என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு சொன்னார். அவர் சொன்னதைச் சொன்னபடியே சொல்லுகிறேன்.

"எங்க வீட்டுக்காரரு டிரைவர். அவரு செத்ததுக்குத்தான் எனக்கு வேல குடுத்தாவ. மொத நாளு டெப்போல ஒருத்தன் சொன்னான், தாலியறுத்தவ மொத ஆளா ஏறுனா வண்டி போய்ச் சேராதுன்னு. ஆறு மாசம் டீச்சர். யாராச்சும் ஒரு ஆம்பளப் பாசஞ்சர் ஏறுன பெறவுதான் நான் படியில கால வைக்கணும். மழையில நிப்பேன். யாராச்சும் வாரானான்னு பாத்துக்கிட்டே நிப்பேன். பெறவு அவனே பழகிட்டான், மக கல்யாணத்துக்கெல்லாம் பத்திரிகை வச்சான். ஆனா ஒண்ணு. அவன் சும்மா வாயாலதான் சொன்னான். நீங்க கட்டம் போட்டுல்லா எழுதிருக்கிய."

அது சகுனம், இது சான்று. இரண்டும் வேறு என்று அவருக்கு விளக்கினேன். பொறுமையாகத்தான் விளக்கினேன். நம்பிக்கை என்பது காரணமில்லாமல் சொல்வது, ஆய்வு என்பது எண்ணிப் பார்த்துச் சொல்வது என்று. அவர் தாளை மடித்தார், இடுப்பில் செருகிக்கொண்டார். "சரி டீச்சர். நல்லபடியா ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். இருபத்து மூன்று நிமிடம் நின்றதனால் இருக்கலாம்.

அதன்பின் திக்கல் இல்லை.

நாள்தோறும் நான்கு மணிக்கு ஓட்டினேன். மானூர், தேவர்குளம், பனவடலிசத்திரம், எல்லாம் தெளிவாக வந்தன. என் முடிவு சரி என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. ஐசக்துரையிடமும் சொன்னேன். "அந்தம்மாவாலயா மேடம்?" என்று கேட்டார். ஆம் என்றேன். அவர் வேறு ஏதோ சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் விட்டார். நான் எழுதிய கடிதத்தின் நினைவாக இருக்கும்.

பேச்சியம்மாளைப் படிக்கட்டில் பார்ப்பேன். "சாப்பிட்டியளா டீச்சர்?" என்பார். சாப்பிட்டேன் என்பேன். அவ்வளவுதான் பேச்சு. ஒரு மாதம் சென்றபின் ஒருநாள் காலை என் வீட்டு மாற்றுச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். சங்கரன்கோவிலில் தம்பி வீட்டு மாடி காலியாக இருக்கிறதாம், அங்கே போகிறாராம். வாசலில் நின்றபடி உள்ளே பார்த்தார்.

"கவரு துவைக்கப் போட்டிருக்கியளா?"

நான் பொய் சொல்லுவதில்லை. "இல்லை. அது நீங்கள் வரும்போது மட்டும் போடுவது" என்றேன்.

அவர் பெட்டியைப் பார்த்தார். என் மிக்சியைப் பார்த்தார், வெள்ளை உறையோடு இருந்தது. "ஓகோ" என்றார். சாவியைச் சுவரில் உள்ள ஆணியில் தாமே மாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் கீழே ஒரு சிறிய லாரி வந்தது, சாமான் அதிகமில்லை.

இனி நான் சொல்லப்போவதை, அம்மா, குறிப்பேட்டில் உள்ளபடியே சொல்லுகிறேன். அவர் போன ஒன்பதாம் நாள், நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில், உறையை எடுத்துப் பெட்டிக்குப் போட்டேன். ஏன் போட்டேன் என்பது பதிவில் இல்லை. பக்கத்தில் நாற்காலியும் கிடந்தது. வண்டியை எடுத்தேன். மானூர் தாண்டினேன்.

இருபத்து மூன்றாம் நிமிடம் திக்கியது.

வீட்டில் யாரும் இல்லை. நான் நாற்காலியைப் பார்த்தேன். யாருமில்லை என்பதை இன்னொரு முறை உறுதிசெய்தேன். பிறகு பெட்டியின்மேல் கை வைத்தேன். தோசைக்கல்போலச் சுட்டது.

பழைய கார்டு கொஞ்சமாய் வேலை செய்தது, கொஞ்சமாய்ச் சுட்டது. புதிய கார்டு நிறைய வேலை செய்கிறது; அந்தச் சூடு சல்லடைக் கண் வழியாக வெளியேற வேண்டும். வெளியேறாவிட்டால் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே அறுத்து அறுத்துக் குறைத்துக்கொள்ளும். அதுதான் திக்கல். கடை ஆள் வந்த காலைகளில் பெட்டி வெறுமனே இருந்தது. திருமண வாரத்தில் வெறுமனே இருந்தது. அவர் வந்தபோதெல்லாம் உறை இருந்தது. ஏனென்றால் அவர் வந்ததால்தான் உறை இருந்தது. குறிப்பேட்டில் உறைக்கு ஒரு கட்டம் இல்லை. உறை கணிப்பொறியின் உறுப்பு அன்று என்று நான் சேர்க்கவில்லை. என் குளிர்பதனப் பெட்டியும் பத்தொன்பதாண்டாக உறையோடுதானே ஓடுகிறது.

என்ன சொன்னீர்கள்? பிடிக்காததைப் பிடித்ததாகக் காட்டிக்கொண்டதால் வந்தது என்கிறீர்களா? இல்லை, அம்மா. காற்றோட்டமின்மையால் வந்தது.

தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்றும் கேட்கலாம். சான்றைத் தொலைபேசியில் எப்படிக் காட்டுவது? அவர் எதிரில் உறையைப் போட்டு ஒருமுறை ஓட்ட வேண்டும், கழற்றி ஒருமுறை ஓட்ட வேண்டும். அதற்காகத்தான் பெட்டியையே எடுத்துக்கொண்டு வருகிறேன். சக்கரமும் திரையும் மேலே சுமைத்தட்டில் இருக்கின்றன. மேலும் நான் எழுத்தில் கொடுத்த பிழையை எழுத்தில்தான் நீக்க வேண்டும். அஞ்சலட்டையில் சுருக்கமாக எழுதினேன்: "காரணம் கண்டறியப்பட்டது. காரணம் தாங்கள் அல்லர், உறை." விரிவானது தாளில் இருக்கிறது. நூல்களின் கடைசியில் பிழைதிருத்தம் என்று ஒரு பக்கம் பார்த்திருப்பீர்கள். அந்த முறையில் எழுதியிருக்கிறேன். "பக்கம் ஒன்று, வரிசை மூன்று: 'பேச்சியம்மாள் வந்திருந்தபோது' என்பதை 'உறை போட்டிருந்தபோது' எனத் திருத்திப் படிக்கவும்." இப்படிப் பத்தொன்பது இடம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதினேன்; 'மேற்படி' போடவில்லை.

மன்னிப்பு என்ற சொல்லா? பிழைதிருத்தத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

தேவர்குளம் போய்விட்டதா? சரி. பின்னர் உறுதியானவற்றையும் சொல்லி முடித்துவிடுகிறேன்.

ஒன்று: உறையோடு மூன்று முறை, உறையின்றி மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். உறையோடு இருபத்து மூன்று, இருபத்து மூன்று, இருபத்திரண்டு. உறையின்றி இரண்டு மணிநேரம் ஓடியும் ஒன்றும் இல்லை.

இரண்டு: கார்டில் பழுது இல்லை. ஐசக்துரைக்கு எழுதிய கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக நேரில் போய்ச் சொன்னேன். "அப்பவே கேக்கணும்னு நெனைச்சேன் மேடம், நீங்க கோவப்படுவியன்னு விட்டுட்டேன்" என்றார். அவர் என்ன கேட்க நினைத்தார் என்பதை நான் கேட்கவில்லை.

மூன்று: பைக்கு மேலே உள்ள துளைகள் தையற்பிழை அல்ல. அளந்து பார்த்தேன். நடத்துநர்கள் சட்டைப்பைக்கு மேலே பெயர்ப்பட்டை குத்தியிருப்பார்கள், இதோ நம் வண்டி நடத்துநரைப் பாருங்கள், அதன் இரண்டு ஊசிகளுக்கும் உள்ள இடைவெளியே இது. ஆகவே இது கடையில் வாங்கிய துணி அன்று. அவர் உடுத்திய சட்டை.

நான்கு... பொறுங்கள். என் கைப்பேசி.

ஆம், மங்கையர்க்கரசிதான் பேசுகிறேன். ... ஆம். ... வண்டியில்தான். தேவர்குளம் தாண்டியாயிற்று. ... வலப்பக்கம். ... இல்லை, வெயில் இல்லை. ... ஆம், பெட்டியும். ... போட்டிருக்கிறது. ... சரி. ... சரி. ... நான் ஓய்வுபெற்ற பேராசிரியர். ... சரி.

அவர்தான்.

நான்கு: அஞ்சலட்டை கிடைத்துவிட்டது. "மொதல்ல சிரிச்சேன் டீச்சர், பெறவு கோவம் வந்திச்சு, பெறவு நாளாயிட்டு" என்றார். பேனட்டைச் சாக்குப்போட்டு மூடிக்கொண்டு ஓட்டினால் எந்த வண்டியும் திக்கத்தான் செய்யும், ஒரு டிரைவருக்கு இதுகூடவா தெரியாது என்றும் கேட்டார். அவர் என்னை டிரைவர் என்று சொன்னது இதுவே முதல்முறை.

ஐந்து: பேருந்து நிலையத்தில், வண்டி வந்து நிற்கும் இடத்திலேயே நிற்கிறாராம். கதவைத் திறப்பாரா என்று நான் முதலில் உங்களிடம் சொன்ன ஐயம் எழ வழியில்லாமல் போயிற்று.

ஆறு: பெட்டிக்கு உறை போட்டிருக்கிறதா என்று கேட்டார். "வெயிலுக்குக் கெடக்கட்டும். ஓட்டும்போது கழத்திருங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்" என்றார். ஆகவே அதுவும் முடிவாகிவிட்டது. நிற்கும்போது போடுவது, ஓடும்போது எடுப்பது. அவர் எதிரில் இருந்தாலும் எடுப்பது.

ஊர் வந்துவிட்டது, எழுந்திருங்கள். பெட்டியை நானே தூக்குகிறேன். நீங்கள் உறையின் அந்தப் பையை மட்டும் கையால் அணைத்துக்கொள்ளுங்கள், அம்மா. தாள் அதில் இருக்கிறது.